மறதி நோயும் மூளைப் படமும்



அல்சைமர் என்னும் மறதி நோய் ஒருவருக்கு இனி எப்படி வளரும் என்பதை, அவரது மூளையைப் படமெடுத்துப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே இன்று நான் பேச வந்த விஷயமாகும். "முன்கூட்டிச் சொல்வது" என்றவுடன் உங்களில் சிலருக்கு ஜோசியர் ஞாபகம் வரலாம். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் விளக்க ஆசைப்படுகிறேன்.

வயதானவர் மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது சகஜம். ஆனால், பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்று கேட்பதும், சாப்பிட்ட கை காயுமுன் "எனக்குச் சோறு போடவில்லை" என்று தெருவில் நின்று அழுவதும் சகஜமல்ல, அது நோய். இதைப் பேய் என்பவரும், பூர்வஜென்ம பாவம் என்பவரும் உண்டு. "மருமகள் பட்டினி போடுகிறாள்" என்று ஊரார் பேச, இரவு பகலாய்ப் பாடுபடும் அந்தப் பெண் பழி சுமப்பதும் உண்டு. உண்மை தெரியாததால் வரும் கேடு இவ்வளவு என்று பாருங்கள்!

1901இல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு 51 வயதுள்ள ஒரு பெண் வந்தாள். தன் பெயரை எழுதச் சொன்னால்கூட முடிக்கத் தெரியவில்லை. அலாயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் அவளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தார். அவள் 1906இல் இறந்த பிறகு மூளையைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே கசடு படிந்திருந்தது. உள்ளே நூல் சிக்கலைப் போன்ற முடிச்சுகள் இருந்தன. கசடு அமிலாய்டு என்னும் புரதம்; முடிச்சு டௌ என்னும் புரதம் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் நெடுங்காலம்வரை இவற்றைக் காண வேண்டுமானால் நோயாளி சாக வேண்டியிருந்தது.

இன்று அப்படியல்ல. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்தில் மூளை சுருங்குவதை அளக்கலாம். ஞாபகத்திற்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நோயில்லாத முதியவருக்கு ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, ஒன்றரைப் பங்கு சுருங்கினால், இந்நோயாளிக்கு நாலைந்து பங்கு சுருங்குகிறது. அடுத்தது பெட் படம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தார் கண்டுபிடித்த ஒரு மருந்தை 2002இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு, உயிரோடிருக்கும்போதே அமிலாய்டு கசடைப் படமெடுத்தார்கள். பிறகு டௌ முடிச்சையும் படமெடுக்க வழி பிறந்தது.

சரி, இவற்றில் எது வருங்காலத்தைச் சொல்லும்? கசடு அதிகமானால் நோயும் வேகமாய் வளரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2020இல் சான்பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் நோயின் ஆரம்பத்திலிருந்த 32 பேரைப் படமெடுத்து, சுமார் 15 மாதம் கழித்து மறுபடியும் காந்தப் படம் எடுத்து ஒத்துப் பார்த்தார்கள். டௌ எங்கே அதிகமாய் இருந்ததோ அங்கேதான் மூளை பின்னால் சுருங்கியிருந்தது. அமிலாய்டு கசடின் அளவோ அதைச் சொல்லவில்லை!

தோழர்களே! வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எந்த ஜோசியராவது 15 மாதம் கழித்து வந்து, "நான் சொன்னது பலித்ததா?" என்று கணக்குப் பார்த்ததுண்டா? விஞ்ஞானி பார்க்கிறான், பலிக்காததைத் தள்ளுகிறான். 2004இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், எடுத்த படங்களையெல்லாம் மற்ற நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சோதித்துப் பார்க்கும்படி பொதுவில் வைத்துவிட்டார்கள்.

ஆனால் யந்திரத்தையும் சாமியாக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியொன்றில் 678 கன்னியாஸ்திரீகள் சேர்ந்து, இறந்த பின் தங்கள் மூளையைச் சோதிக்கச் சம்மதித்தார்கள். முடிச்சுகள் நிறைந்த மூளையோடு கடைசிவரை தெளிவாய் வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே படம் நூறு பேரைப் பற்றிச் சொல்வதை ஒருவர் தலையில் தேதி குறித்து எழுதிவிட முடியாது. "உங்கள் தகப்பனார் எந்த வருஷம் உங்களை மறப்பார்" என்று எந்தப் படமும் சொல்லாது. சொல்கிறேன் என்று பணம் கேட்பவன் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஜோசியனே.

அப்படியானால் பிரயோஜனமென்ன என்று கேட்கலாம். 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெக்கனிமாப் என்னும் மருந்து, ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது, குணப்படுத்துவதில்லை. கசடு இருப்பது ருசுவானால்தான் அதைக் கொடுக்கலாம். அதற்கு இந்தப் படம் ஒரு வழி. குறியொன்றுமில்லாதவர் பயத்தால் மட்டும் படமெடுக்க ஓட வேண்டியதில்லை. மறதி கண்டவருக்கு முதலில் தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை உண்டா என்று பார்க்கட்டும். இவை சிகிச்சைக்கு வசப்படக் கூடியவை.

ஆகவே தோழர்களே! வீட்டுப் பெரியவர் மாறிப் போனால் மந்திரவாதியிடம் போகாதீர்கள், மருமகளையும் பழிக்காதீர்கள், வைத்தியரிடம் போங்கள். அவர் படத்தைக் காட்டி எதைச் சொன்னாலும், "இது எவ்வளவு தூரம் நிச்சயம்?" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் அதற்குக் கோபிக்க மாட்டார் என்று கூறி, என் வார்த்தையை முடித்துக் கொள்ளுகிறேன்.