பாஸ் சதவீதத்தில் வராத பிள்ளைகள்

(பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் மாணவர்களும் பெற்றோர்களும் கீழ் கோத்தகிரியில் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னை அறிமுகப்படுத்தியவர், "நம்ம லைன் வீட்டுல இருந்து பிஎச்.டி. வரைக்கும் போன பொண்ணு" என்று சொன்னார். ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில். 28 மார்க். பாஸாக 35 வேண்டும். ஏழு மார்க் குறைவு.

அந்த வருடம் எங்கள் கணக்கு வாத்தியார் மாறுதலாகிப் போனார். அவர் இடத்துக்கு டிசம்பர் வரை யாரும் வரவில்லை. பிறகு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். இருட்டிய பிறகு தேயிலைக்குள் நடந்து வந்தால் எதிரில் காட்டெருமை நிற்கும், கரடி வரும். அம்மா அனுப்பவில்லை. மதிப்பெண் பட்டியலில் வாத்தியார் இல்லாததும் கரடியும் வரவில்லை. 28 மட்டும் வந்தது.

துணைத்தேர்வில் எழுதித் தேறினேன். அதனால் இன்று இங்கே பேசுகிறேன். ஆனால் பேச வந்தது என்னைப் பற்றி அல்ல, என் பக்கத்து வீட்டுத் தோழியைப் பற்றி.

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். "இவ பத்தாவது தேற மாட்டாம்மா, பள்ளிக்கூட ரிசல்ட் கெட்டுப்போகும். டிசி வாங்கிக்கிட்டு பிரைவேட்டா எழுத வைங்க" என்றார்கள். அந்த அம்மா கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். தோழி அடுத்த வாரமே கொழுந்து பறிக்கப் போனாள். பிரைவேட்டாக எழுதவே இல்லை. போன மாதம் அவளைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீயாவது ஃபெயிலான புள்ள. நான் அதுகூட ஆகல."

தோழர்களே, இது வெறும் பேச்சல்ல, கணக்கு. ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு வரும்போது மாநிலத்தின் தேர்ச்சி சதவீதம், மாவட்டங்களின் வரிசை, நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிய பள்ளிகளின் எண்ணிக்கை எல்லாம் வெளியாகும். அந்தச் சதவீதத்தை எப்படிப் போடுகிறார்கள்? மேலே தேறியவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். என் தோழி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவளை வெளியே அனுப்பியதால் பள்ளியின் சதவீதம் கூடத்தான் செய்தது.

ஒரு பள்ளி தேர்ச்சியை உயர்த்த இரண்டு வழி உண்டு. பாடம் சொல்லிக்கொடுத்து மேலே இருக்கும் எண்ணைக் கூட்டலாம். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கீழே இருக்கும் எண்ணைக் குறைக்கலாம். இரண்டாவது வழிக்கு வாத்தியார் தேவையில்லை.

இது ஒன்பதாம் வகுப்பில் நடப்பதற்கும் காரணம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2019இல் ஒன்றிய அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளிலேயே ஃபெயிலாக்க வழிசெய்தது. அன்றைய தமிழ்நாடு அரசும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. நாம் போராடி எட்டு வரை காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஒன்பதில் காவல் இல்லை.

யாரை அனுப்புகிறார்கள்? சாதி பார்த்து அனுப்புவதாக எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்காது. கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளையை அனுப்புகிறார்கள். இந்த மலையில் அந்த வீடு யாருடையது? தோட்டத்துத் தலித் தொழிலாளியின் வீடு. இலங்கையிலிருந்து திரும்பி வந்து இன்னும் சாதிச் சான்றிதழுக்கு அலையும் குடும்பத்தின் வீடு. இருளர் பதியில் முதல்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையின் வீடு. சாதிப் பெயர் சொல்லித் திட்டாமலே சாதி தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இப்படி எண்ணிப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி பற்றிப் பேசியபோது, தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்றார். கவனியுங்கள், நான்காம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதிலிருந்து அவர் தொடங்கவில்லை. உள்ளே வந்த நூறு பேரிலிருந்து தொடங்கினார். காணாமல் போன 82 பேர் அவர் கணக்கில் இருந்தார்கள்.

அவரே 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது எடுத்த மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு 38கூட இல்லை. சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகம் படிக்க வேண்டியிருந்தது. அந்த 282ஐ வைத்து அவர் தகுதியை அளந்து நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

"அப்படியானால் பத்தாம் வகுப்புத் தேர்வையே ஒழித்துவிடலாமே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு நம் முகம் தெரியாது, நாம் இருக்கும் தெரு தெரியாது. பள்ளிக்குள்ளேயே போடும் மதிப்பெண்ணில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார வைக்கும் ஆசிரியர் கையில் முழு மதிப்பெண்ணையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 35 நமக்குச் சுவராகவும் இருக்கிறது, சில நேரம் கேடயமாகவும் இருக்கிறது.

சுவர் எவ்வளவு உயரம் என்பதும் தெரிய வேண்டும். பத்து தேறாதவர் குரூப் 4 எழுத முடியாது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகலாம் என்றால், பத்து தேறாதவருக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருவதை நான் வரவேற்கிறேன். அது கல்லூரி வாசலில்தான் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் டிசி வாங்கியவளுக்கு அந்த வாசல் தெரியவே தெரியாது.

அப்படியென்றால் நம் கோரிக்கை என்ன? அமெரிக்காவின் புளோரிடாவில் 1970களின் இறுதியில், ஒரு தேர்வில் தேறினால்தான் பள்ளி முடித்த சான்றிதழ் என்று சட்டம் வந்தது. கறுப்பின மாணவர்கள் மிக அதிகமாகத் தோற்றார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இனப் பாகுபாட்டுப் பள்ளிகளில் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு இந்தத் தேர்வைக் காட்டிச் சான்றிதழை மறுக்கக் கூடாது என்றும், தேர்வில் கேட்பதை வகுப்பறையில் கற்றுக்கொடுத்ததாக அரசு காட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. தேர்வு வைப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் முதல் கேள்வி அரசைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

நாமும் அதையே கேட்போம். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று ஒவ்வொரு பள்ளியும் தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடட்டும். எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பதையும் எழுதட்டும். ஃபெயிலான பிள்ளை துணைத்தேர்வு எழுதும்வரை அந்தப் பள்ளியின் பிள்ளையாகவே இருக்கட்டும். அதுவரை வகுப்பு நடக்கட்டும். ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் வீடு போய்ச் சேர வண்டியும் வைக்கட்டும்.

அம்மாக்களே, பள்ளியில் கூப்பிட்டு டிசி வாங்கச் சொன்னால் அங்கேயே கைநாட்டு வைக்காதீர்கள். "எழுத்தில் கொடுங்க சார், வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வாருங்கள். நாங்கள் கூட வருகிறோம்.

தம்பி, தங்கைகளே, மார்ச்சில் நன்றாக எழுதுங்கள். ஒரு பாடம் போனால் துணைத்தேர்வு இருக்கிறது. நான் அந்த வழியில் வந்தவள்தான். இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. உங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்து, இப்போது வகுப்பில் இல்லாதவர்களின் பெயர்களை இன்றிரவு ஒரு தாளில் எழுதுங்கள். நாளை அதை இங்கே கொண்டு வாருங்கள். கணக்கை அந்தத் தாளிலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.