தொட்டியில் முளைத்த பருப்புக்கீரை

மும்பை செம்பூர் பால்கனியில் துளசித் தொட்டியைப் பாருங்கள். யாரும் விதைக்காத ஒன்று ஓரமாகப் படர்ந்திருக்கும். சிவந்த தண்டு, தடித்த குட்டி இலை, சின்ன மஞ்சள் பூ. களை என்று பிடுங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! மராத்திக்காரர்கள் 'கோள்' என்று பருப்புப் போட்டுச் சமைப்பது இதைத்தான். நமக்குப் பருப்புக்கீரை.

1986-ல் ஆர்ட்டெமிஸ் சிமோபூலோஸ் என்ற மருத்துவர், சக ஆய்வாளருடன் சேர்ந்து, இந்தக் கீரையில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது என்று மருத்துவ இதழில் எழுதினார். 100 கிராம் பச்சைக்கீரையில் 300 முதல் 400 மில்லிகிராம். மீன் தொடாத மாட்டுங்கா மாமிகள் காதில் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் மீனில் இருப்பது வேறு வகை. கீரையில் இருப்பதை உடம்பு அந்த வகையாக மாற்றிக்கொள்வது கொஞ்சம்தான்.

இன்னொரு வேடிக்கை. தண்ணீர் வற்றினால் இந்தச் செடி ராத்திரியில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். அதனால் விடிகாலையில் கிள்ளினால் புளிப்பு அதிகம், சாயங்காலம் குறைவு.

கிள்ளும்போது பால் வடிந்தால் அது வேறு செடி, விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் வேண்டாம், ஆக்சலேட் அதிகம். மற்றவர்கள் நாலு தண்ணீரில் அலசுங்கள். தரையோடு கிடப்பது, மண் லேசில் போகாது.