பச்சைத் திரையும் பயிரின் நிறமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வேளாண்மை முறைகளைச் செய்துகாட்டும் காணொளிகளைக் கைப்பேசியில் எடுத்து, ஊருக்கு ஊர் அனுப்பும் வழக்கம் இன்று பரவியிருக்கின்றது. பேசுபவருக்குப் பின்னால் பச்சைத் துணியைக் கட்டிப் படமெடுத்து, பின்னர்க் கணினியில் அத்துணியை நீக்கி வேறு காட்சியைப் பொருத்தும் முறையையும் நம் இளைஞர்கள் கையாளத் தொடங்கியுள்ளனர். இம்முறை எங்கே பயன்படும், எங்கே தீங்கு செய்யும் என்பதை இன்று எடுத்துக் கூற விழைகின்றோம்.

இது புதிய வித்தையன்று. 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்திலேயே லாரி பட்லர் என்பவர் இதற்கென நீலத் திரையைப் பயன்படுத்தினார். தத்துவம் அன்றும் இன்றும் ஒன்றே. குறித்த நிறம் எங்கெங்கு உளதோ அங்கெல்லாம் படத்தை வெறுமையாக்கி, அடியில் வைத்த காட்சியைத் தெரியச் செய்வதே அது.

பச்சையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் இரண்டு. மனிதரின் தோல் நிறம் பச்சையினின்றும் வெகுவாக வேறுபட்டது. மேலும், இன்றைய காமிராக்களின் ஒளியுணர் தகட்டில் பொதுவாக நான்கு புள்ளிகளுள் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் அமைந்துள்ளன. ஆதலின் பச்சை தெளிவாகப் பதிவாகின்றது.

வேலையின் பெரும்பகுதி படமெடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும். துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுக. அதன்மீது வெளிச்சம் சீராக விழட்டும். பேசுபவர் துணியிலிருந்து 6 அடியேனும் முன்னால் நிற்பது நலம். இல்லையேல் அவர் நிழல் துணியில் விழும். துணியின் பச்சைச் சாயல் அவருடைய வெள்ளை வேட்டியில் படியும். உழவர்கள் விரும்பி அணியும் பச்சைத் துண்டு இங்கு ஆகாது. துணியோடு துண்டும் மறைந்து, தோளில் ஓட்டை விழுந்தாற்போல் தோன்றும்.

ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களிலேயே துணியை நீக்கலாம். கீழ்த் தடத்தில் புதிய காட்சியையும், மேல் தடத்தில் பேசுபவரின் படத்தையும் வைத்து, நீக்க வேண்டிய நிறத்தைத் தொட்டுக் காட்டுக. பின்னர் நீக்கும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. அளவு குறைந்தால் துணியின் திட்டுகள் எஞ்சும். மிகுந்தால் தலைமயிரின் ஓரம் அரிக்கப்படும். ஓரங்களில் எஞ்சும் பச்சைச் சாயலைப் போக்குவதற்கும் தனிக் கருவி உண்டு. பலமுறை அனுப்பிச் சுருங்கிய பிரதியை விட்டு, கைப்பேசியில் எடுத்த மூலப் படத்தையே கொள்ளுக.

இனி நாம் வலியுறுத்த விரும்புவது யாதெனில், கணினிக்குத் துணியின் பச்சையும் பயிரின் பச்சையும் வேறல்ல என்பதே. பச்சைத் துணியின் முன் நெல் நாற்றைப் பிடித்துக் காட்டினால் நாற்றே மறைந்து போகலாம். மறையாமல் நின்றாலும், பச்சைச் சாயலைப் போக்கும் கருவி இலையிலுள்ள பச்சையையும் குறைத்துவிடும். செழித்த இலை மஞ்சள் பாய்ந்தாற்போல் தோன்றும். அதைக் கண்ட உழவர் தழைச்சத்துக் குறைவென்று எண்ணி யூரியாவை அள்ளி இட்டால், பணமும் வீண். பயிரும் பூச்சி நோய்க்கு இரையாகும். இலை வண்ண அட்டையைக் கொண்டு உரமிடக் கற்பிக்கும் படமாயின், பாடமே பிழையாகிவிடும்.

ஆகவே, பேச்சை மட்டும் பதிவு செய்யப் பச்சைத் துணி போதும். செடியைக் கையில் ஏந்திப் பேச வேண்டின் நீலத் துணியைக் கட்டுக. அதற்கு வெளிச்சம் சற்று அதிகம் வேண்டும். இலையின் நிறம், நோயின் குறி, பூச்சியின் தாக்குதல் ஆகியவற்றைக் காட்ட வேண்டின், வயலிலேயே பகல் வெளிச்சத்தில் எடுத்து, நிறத்தை மாற்றாது அனுப்புக.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். வெட்டிய குளம், போட்ட சாலை, நட்ட மரம் ஆகியவற்றைப் பற்றிய படங்களில் பின்னணியை மாற்றுவது அறவே கூடாது. அவை மக்களுக்கு நாம் காட்டும் கணக்கு. பிற இடத்துக் காட்சி ஒன்று அதில் புகுந்தது தெரிந்தால், உண்மையாய்ச் செய்த வேலையையும் ஊரார் நம்பமாட்டார்கள்.

புதிய கருவிகளைக் கற்போம். அவற்றின் எல்லையையும் அறிந்து கையாள்வோம்.