எட்டுப் படைகள் ஒன்றான வரலாறு

அரசாங்கச் செலவில் சிக்கனம் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். எட்டு அடுப்பு எரியும் வீட்டில் ஓர் அடுப்பே போதுமென்றால் விறகு மிச்சந்தான். ஆயினும், பந்தியில் எவர்க்கேனும் சோறு குறைகிறதா என்றும் பார்க்க வேண்டுமன்றோ? ஸ்காத்லாந்து நாட்டில் நடைபெற்ற போலீஸ் இணைப்பை இந்நோக்குடன் ஆராய விரும்புகிறேன்.

1975 முதல் அந்நாட்டில் எட்டுப் போலீஸ் படைகள் இருந்தன. கிளாஸ்கோ நகரைத் தன்னகத்தே கொண்ட ஸ்ட்ராத்கிளைட் படையே அவற்றுள் மிகப் பெரியது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி அலுவலகம், தனிக் கணக்கு. 2012இல் சட்டம் இயற்றி, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் எட்டையும் ஒரே படையாக்கினர். 2026க்குள் 110 கோடிப் பவுன் மிச்சமாகும் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு.

இணைப்பினால் நன்மை விளையாமலில்லை. கொலை போன்ற பெருங் குற்றங்களை ஆராயும் வல்லுநரின் உதவி, சிறிய வட்டாரங்களுக்கும் எளிதில் கிடைக்கலாயிற்று. ஆனால் எதிர்பாராத செலவும் வந்து சேர்ந்தது. பழைய படைகளுக்குத் திரும்பக் கிடைத்து வந்த மதிப்புக் கூட்டு வரி, நாடு தழுவிய புதிய படைக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் இரண்டு கோடிப் பவுனுக்கு மேல் இழப்பு. 2018இல்தான் அக்குறை நீங்கியது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சிக்கனங் கருதித் தொலைபேசிக் கட்டுப்பாட்டு அறைகள் சில மூடப்பட்டன. ஸ்டர்லிங் நகர அறையின் பணி, பில்ஸ்டன் கிளென் என்னுமிடத்திற்குச் சென்றது. 2015 ஜூலையில் எம்9 நெடுஞ்சாலையருகே ஒரு கார் கிடப்பதாக ஒருவர் தெரிவித்தார். செய்தியைக் கேட்டவர் குறிப்பேட்டில் எழுதினார். கணிப்பொறியில் பதிவு செய்யவில்லை. போலீசார் அங்குச் சென்றது மூன்று நாள் கழித்தே. காரிலிருந்த இருவரில் ஒருவர் இறந்து கிடந்தார். உயிரோடிருந்த பெண்மணியும் பின்னர் மருத்துவமனையில் மாண்டார். 2021இல் அப்படை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு லட்சம் பவுன் அபராதம் செலுத்த நேர்ந்தது.

ஆகவே இணைப்பே தவறு என்று நான் கூறேன். கணக்கையும் கொள்முதலையும் ஆய்வுக் கூடத்தையும் ஒன்றாக்கலாம். ஆபத்தில் அழைப்பவரின் குரலைக் கேட்கும் இடத்திலோ, புதிய ஏற்பாடு உறுதிப்பட்ட பின்னரே பழையதைக் கலைத்தல் வேண்டும். மாணவர்களே, நாளை நிர்வாகப் பொறுப்பை ஏற்கப்போகின்றவர்கள் நீங்கள். மிச்சமான பணத்தைக் கணக்கிடும்போது, அதனால் எந்தப் பணி குறைந்தது என்பதையும் உடன் எழுதிப் பாருங்கள்.