காத்திருக்கும் வேளையும் கணினி நிரலும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



எரு, விதை, கிணறு, சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கென்றே அமைந்த இம்மேடையில் கணினி நிரலைப் பற்றிப் பேச முற்படுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பஞ்சாயத்தின் வரவு செலவு இன்று, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் என்னும் கணினி ஏற்பாட்டில் ஏறுகிறது. பால் சங்கங்கள் பலவற்றில் பாலின் அளவும் கொழுப்பும் யந்திரத்திலேயே பதிவாகின்றன. தேநீர்க் கடையிலும் செல்பேசியைக் காட்டிப் பணம் கொடுக்கிறோம். இவற்றுக்குப் பின்னால் யாரோ எழுதிய நிரல் ஒன்று ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய நிரல்களைச் சர்க்கார் ஸ்தாபனங்கள் எழுதுகின்றன. சங்கத்தின் சிறு கணக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டார், வாடகை டிராக்டரின் முறை போன்ற சிறியவற்றை எழுத நம் ஊர்ப் பிள்ளைகளே போதும். அவர்கள் கையில் இப்போது ஒரு புதிய துணைக் கருவியும் கிடைத்திருக்கிறது. அத்துணையின் நன்மை தீமைகளை, அதுவும் நிரல் தொழிலின் மிகவும் வழுக்கலான ஒரு பகுதியில், எடுத்துக்கூறவே இன்று முன்வந்திருக்கிறோம்.

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பதை அறிவீர்கள். ஒரு வயலுக்கு மடையைத் திறந்துவிட்டு, அது நிறையும்வரை அவர் வரப்பிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்த வயலுக்குப் போகிறார்; அதற்கடுத்த வாய்க்காலைப் பார்க்கிறார். முதல் வயல் நிறையும் தறுவாயில் திரும்பி வந்து மடையை அடைக்கிறார். இப்படி ஒரே ஆள் இருபது வயல்களைக் கவனித்துக்கொள்கிறார். ஒரே வரப்பில் அவர் கண்ணயர்ந்துவிட்டாலோ பத்தொன்பது வயல்கள் காயும்.

கணினியின் நிலையும் இதுவே. அது ஒரு நொடியில் நூறு கோடிக்கும் மேற்பட்ட சிறு கணக்குகளைப் போட வல்லது. ஆயினும் தொலைவிலுள்ள வங்கிக் கணினியிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகலாம்; அலைவரிசை மங்கிய ஊர்களில் சில நொடிகளே ஆகலாம். அந்நேரம் முழுவதும் சும்மா நிற்பது பெரும் விரயம். ஆகவே, கேள்வியை அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்த்து, பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நிரலை எழுதுகிறார்கள். இதற்கு அசிங்க்ரனஸ் முறை என்று பெயர். சுருக்கமாக ‘அசிங்க்’ என்பார்கள். பெயரைக் கேட்டதும் மாணவர்கள் சிரிப்பது வழக்கம்; சொல்லில்தான் அசிங்கம், முறை மிகவும் செம்மையானது.

முன்பெல்லாம் வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆள் வைப்பதுபோல் கணினிக்குள் தனித்தனி இழைகளை ஒதுக்கினார்கள். நினைவகம் வீணாயிற்று. பதினாயிரம் பேருக்கு ஒரே கணினி ஒரே சமயத்தில் எவ்வாறு பதில் சொல்வது என்ற பிரச்னையை 1999இல் டான் கெகல் என்பவர் விரிவாக எழுதினார். 2009இல் ரயன் டால் என்பவர் வெளியிட்ட நோட் ஜேஎஸ், ஒற்றை நீர்க்கட்டி முறையைப் பரவலாக்கிற்று. எழுதுவதற்கு எளிதாக ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்னும் இரு சொற்கள் சி ஷார்ப் மொழியில் 2012இலும், பைத்தானில் 2015இலும், ஜாவாஸ்கிரிப்டில் 2017இலும் சேர்ந்தன. ‘அவெய்ட்’ என்றால் ‘இது முடியும்வரை இந்த வேலை நிற்கட்டும், மற்ற வேலைகள் நடக்கட்டும்’ என்று பொருள்.

இனி புதிய துணையைக் காண்போம். நிரல் எழுதும் பலகையாகிய விஷுவல் ஸ்டுடியோ கோடு போன்றவற்றோடு இணைத்துக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் பல வந்துள்ளன. அவற்றுள் பெயர் பெற்றதான கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் சோதனையாகவும், 2022 ஜூனில் யாவருக்குமாகவும் வெளிவந்தது. ஏராளமான நிரல்களைப் படித்துப் பழகி, அடுத்து வரக்கூடிய வரி எதுவென்று ஊகித்து எழுதுவதே இவற்றின் தொழில். ‘நூறு உறுப்பினர்களின் இருப்பையும் ஒரே சமயத்தில் கேட்டு வாங்கு’ என்று சாதாரணப் பேச்சில் சொன்னால், சில நொடிகளில் நிரலை நீட்டுகின்றன. பழைய நிரலை விளக்கச் சொன்னாலும் விளக்குகின்றன. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத கிராமத்து இளைஞருக்கு இது பேருதவி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அசிங்க் நிரலில் இத்துணை தவறும் இடங்கள் உண்டு. ‘அவெய்ட்’ என்ற ஒரு சொல் விடுபட்டால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் ‘பதிவு செய்’ என்ற கட்டளை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதன் முடிவைப் பாராமலே ‘பதிவாகிவிட்டது’ என்று திரையில் காட்டிவிடும். பைத்தானிலோ அந்த வேலை தொடங்குவதேயில்லை. ஓர் எச்சரிக்கை வரி மட்டும் எங்கோ ஒரு மூலையில் வரும். மற்றொரு தவறு, அசிங்க் நிரலுக்குள் பழைய பாணித் தூக்கக் கட்டளையை வைப்பது. நீர்க்கட்டி வரப்பில் உறங்கிய கதைதான்.

இவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். பணத்தைத் தின்னும் தவறு வேறு. ஒரு பால் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். உறுப்பினர் ஒருவருக்கு 5,000 ரூபாய் இருப்பு உள்ளது. அவர் சங்க அலுவலகத்தில் 4,000 ரூபாய் கேட்கிறார். அதே நொடியில் அவருடைய மகன் வீட்டிலிருந்து செல்பேசி வழியாகத் தீவனத்துக்கென்று 4,000 ரூபாய் கேட்கிறான். நிரல் முதலில் தந்தைக்காக இருப்பைப் பார்க்கிறது: 5,000, சரி. பணத்தை அனுப்பச் சொல்லிக் காத்திருக்கிறது. காத்திருக்கும் வேளையில் சும்மா இராமல் மகனின் வேண்டுகோளை எடுக்கிறது. ஏட்டில் இன்னும் 5,000 இருக்கிறதே! அதற்கும் சரி என்கிறது. இரண்டு பணமும் போய்ச் சேர்கின்றன. இரண்டு முறையும் ‘5,000இல் 4,000 போக மீதி 1,000’ என்றே ஏட்டில் எழுதுகிறது. போனது 8,000. ஏடு 1,000 ரூபாய் மிச்சம் காட்டுகிறது. உண்மையிலோ சங்கத்துக்கு 3,000 ரூபாய் வர வேண்டும். இதில் எவரும் திருடவில்லை. ஒவ்வொரு வரியும் தனியே பார்த்தால் சரியாகவே இருக்கும். ஒருவராக உட்கார்ந்து சோதித்தால் ஆயிரம் முறையும் தேறும்.

பரிகாரம் கடினமன்று. இருப்பைப் பார்ப்பதையும் கழிப்பதையும் இரண்டு படியாக வைக்காமல், ‘4,000க்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே கழி’ என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகக் கொடுக்க வேண்டும். கழித்த பிறகே பணத்தை அனுப்ப வேண்டும். அனுப்பியும் பதில் வராவிட்டால் உடனே மறுபடி அனுப்பலாகாது. முதலில் அனுப்பியது என்னவாயிற்று என்று விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் தனி எண் இருந்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் மறுக்கும் ஏற்பாடும் தேவை.

இதெல்லாம் உதவியாளருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், கேட்டால் அழகாகச் சொல்லும். கேளாவிட்டால் பெரும்பாலும் நேர்வழியில் எழுதிவிட்டுப் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு செல்பேசிகள் இருப்பதோ, நம் ஊரில் மழை வந்தால் இணைப்பு அறுவதோ அதற்கு யார் சொன்னார்கள்? அது படித்துப் பழகிய நிரல்களில் நல்லதும் உண்டு, சோடையும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கோபைலட்டுக்கு 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை வாங்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. கருவிகள் அதன்பின் வெகுவாக முன்னேறியுள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மனித மனம் அவ்வளவு வேகமாக முன்னேறுவதில்லை. அனுபவமுள்ள 16 பேரைக் கொண்டு நடத்தி 2025இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இத்தகைய துணையோடு வேலை செய்தபோது அவர்களுக்கு நூற்றுக்கு 19 பங்கு நேரம் கூடுதலாகவே ஆயிற்று. அவர்களோ, 20 பங்கு மிச்சமானதாக நம்பினார்கள்!

ஆகவே நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. உதவியாளரிடம் நிரலை மட்டும் கேளாதீர்கள். ‘பதில் வராவிட்டால் என்ன ஆகும்? இருவர் ஒரே சமயத்தில் வந்தால் என்ன ஆகும்?’ என்றும் கேளுங்கள். ஒவ்வோர் ‘அவெய்ட்’ சொல்லுக்கும் முன்னே பார்த்த கணக்கு, பின்னேயும் அப்படியே இருக்குமா என்று விரல் வைத்துப் படியுங்கள். ஊராரின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் அதனிடம் ஒட்டிவிடாதீர்கள். இத்தகைய உதவியாளர்களிற் பெரும்பாலானவற்றில், நாம் எழுதுவது வெளியிலுள்ள கம்பெனிக் கணினிகளுக்குச் செல்கிறது.

சங்க நிர்வாகிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் நிரலைப் படிக்க வேண்டியதில்லை, சோதிக்கலாம். பணம் கொடுத்து வாங்குமுன் எழுதியவரை எதிரில் உட்கார வையுங்கள். பொய்க் கணக்கு ஒன்றில் 5,000 ரூபாய் வையுங்கள். இரண்டு செல்பேசிகளில் இரண்டு பேர், ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று சொல்லி ஒரே சமயத்தில் 4,000 கேளுங்கள். ஒரு முறை போதாது. இருபது முறை செய்யுங்கள். பிறகு பணம் போகும் நடுவில் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஏட்டைப் பாருங்கள். பட்டுவாடா நாளன்று ஐம்பது பேர் ஒன்றாக வந்தால் திரை உறைகிறதா என்பதையும் கவனியுங்கள். இதற்கு ஒரு பிற்பகல் பிடிக்கும். நிரல் தேறினாலும், முதல் இரண்டு மாதங்களுக்குப் பழைய பேரேட்டையும் கூடவே எழுதி வர வேண்டும். வாரந்தோறும் காரியதரிசியும் நிரல் எழுதியவரும் அருகருகே அமர்ந்து, இரண்டு கணக்கையும் பைசா சுத்தமாக ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.