கையில் ஒரு கார்டு, பையில் கொஞ்சம் சில்லறை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் போக்குவரத்துக் குழு சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இன்றைய அஜெண்டாவில் நான்காவது பொருள், நம் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்களின் பயணப்படியைப் பற்றியது. இப்போது மாதா மாதம் ரொக்கமாகக் கொடுக்கிறோம். அதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பயண அட்டை வாங்கித் தந்து அதில் பணம் ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கணக்குக்குச் சுலபம், வவுச்சர் வேண்டாம் என்கிறார்கள். ஓட்டெடுப்புக்கு முன் இந்த அட்டை என்ன, எப்படி வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில், எந்த கார்டு? சென்னையில் இப்போது பேச வேண்டியது 'சிங்கார சென்னை' அட்டை. 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயில் நிறுவனமும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து கொண்டுவந்தது. 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்துகளிலும் செல்லும். இது தேசியப் பொதுப் பயண அட்டை வகையைச் சேர்ந்தது. அதனால் பெங்களூரு மெட்ரோவிலும் டெல்லி மெட்ரோவிலும்கூட இதே வகை அட்டையை ஏற்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருபவர்கள் கவனிக்க.

நம்மில் பலர் வீட்டு மேஜை டிராயரில் மெட்ரோவின் பழைய பயண அட்டை கிடக்கும். 2025 ஆகஸ்ட் 1 முதல் அதில் புதிதாகப் பணம் ஏற்ற முடியாது. உள்ளே இருக்கும் பணம் உங்கள் பணம். அதை டிராயரில் தூங்கவிடாமல், அடுத்த முறை ஸ்டேஷன் பக்கம் போகும்போது எடுத்துச் சென்று பயன்படுத்தித் தீருங்கள். புதிய அட்டைக்கு மாறுவது பற்றிக் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லாபம் என்ன? மெட்ரோவில் கார்டு வைத்துப் போனால் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. மெட்ரோ கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். 40 ரூபாய் தூரம் போகிறவருக்கு 32 ரூபாய்தான் பிடிக்கும். போக வர 16 ரூபாய் மிச்சம். மாதம் 25 நாள் போனால் 400 ரூபாய். ஒரு வீட்டின் பால் கணக்கில் பாதியாவது தேறும்.

பேருந்தில் அப்படித் தள்ளுபடி எதிர்பார்க்க வேண்டாம். அங்கே கார்டால் வரும் நன்மை வேறு: சில்லறைத் தகராறு கிடையாது. ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் எந்த நிறுத்தம் என்று முதலில் சொல்லுங்கள். அவர் மெஷினில் போட்ட பிறகு கார்டை அதன் மேல் வையுங்கள். டிக்கெட் வந்ததும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

தினமும் பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏ.சி. அல்லாத பேருந்துகளில் இஷ்டம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது, ஏ.சி. பேருந்தும் சேர வேண்டுமென்றால் 2,000 ரூபாய். மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 40 ரூபாய் செலவானால் சரியாக ஆயிரம் ஆகிறது. அதற்குமேல் செலவாகிறவர்களுக்குப் பாஸ்தான் நல்லது. அதற்குக் கீழே என்றால் கார்டு போதும். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்கள் சாதாரணக் கட்டணப் பேருந்தில் வருகிறவர்கள் என்றால் அவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் கட்டணமே கிடையாது.

மூன்றாவது, குழப்பம் வரும் இடங்கள். என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "போனில் ரீசார்ஜ் பண்ணிட்டேன், பணமும் போயிடுச்சு, ஆனா கேட் திறக்கலையே?"

காரணம் இருக்கிறது. இந்த அட்டையில் பணம் அந்தச் சின்னச் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் கண் இமைக்கும் நேரத்தில் கட்டணம் பிடிக்க முடிகிறது. ஆனால் நீங்கள் போனில் கட்டும் பணம் வங்கியின் கணினிக்குத்தான் போகிறது. உங்கள் பர்ஸில் இருக்கும் சில்லுக்கு அது தெரியாது. ஸ்டேஷனில் கவுன்டரிலோ அதற்கான மெஷினிலோ கார்டை வைத்து 'பேலன்ஸை ஏற்றுங்கள்' என்றால்தான் அது சில்லுக்குள் இறங்கும். போனில் பழக்கமில்லாத பெரியவர்கள் நேராகக் கவுன்டரிலேயே பணம் கொடுத்து ஏற்றிக்கொள்வது நல்லது. ஒரே வேலையாக முடியும்.

அடுத்து, மெட்ரோவில் ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். உள்ளே போகும்போது எந்த ஸ்டேஷன் என்று கார்டில் பதிவாகிறது. வெளியே வரும்போதுதான் கணக்குப் பார்த்துப் பிடிக்கிறது. நீங்கள் வைத்துவிட்டு அதே கார்டை அம்மாவிடம் பின்னால் நீட்டினால் கேட் திறக்காது. ஆளுக்கொரு கார்டு வேண்டும், அல்லது ஒருவர் போனில் டிக்கெட் எடுக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். புறநகர் ரயிலும் வழியில் வருகிறவர்களுக்கு அதுவே வசதி.

கார்டில் எப்போதும் குறைந்தது 50 ரூபாயாவது இருக்கட்டும். மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் அது என்பதால் எங்கே இறங்கினாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

அதே சமயம் நிறையவும் போட்டு வைக்காதீர்கள். சில்லுக்குள் 2,000 ரூபாய் வரை வைக்க இடம் உண்டு. ஆனால் கார்டு தொலைந்தால் அந்தப் பணம் தொலைந்த மாதிரிதான். ஏ.டி.எம். கார்டைப் போல் போன் செய்து 'பிளாக்' பண்ணிக் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பின் நம்பர் கேட்காமல் வேலை செய்கிற கார்டு. எடுத்தவர் கையில் அது பணம். ஒரு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ தேவையானதை மட்டும் போடுங்கள். டியூஷனுக்குத் தனியாகப் போகும் பிள்ளைகளின் கார்டில் அதிலும் குறைவாக.

இப்போது நான்காவது அஜெண்டாவுக்கு வருகிறேன்.

போக்குவரத்துக்கென்றே வழங்கும் முன்பண அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் ஒரு தளர்வு கொடுத்தது. அடையாள ஆவணம் எதுவும் கேட்காமல் கொடுக்கலாம் என்றது. அதற்குப் பதிலாகச் சில கட்டுப்பாடுகளும் போட்டது. மொத்தம் 3,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. பணமாக எடுக்க முடியாது. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. திரும்பவும் பெற முடியாது. சுருக்கமாகச் சொன்னால், இப்படிப்பட்ட கார்டுக்குள் போன பணம் பயணமாகத்தான் வெளியே வரும்.

உங்களுக்கும் எனக்கும் அது பெரிய விஷயமில்லை. ஆனால் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவருக்கு அது பெரிய விஷயம். நம் இரவுக் காவலர் ஒருவர் சைக்கிளில் வருகிறார். இன்னொருவர் மச்சானின் வண்டியில் பாதி தூரம் வந்து மீதியை நடக்கிறார். துப்புரவுப் பணியில் இருக்கும் பெண்களோ கட்டணமில்லாப் பேருந்தில் வருகிறார்கள். பயணப்படி என்று நாம் கொடுப்பதை மிச்சம் பிடித்து, பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறார்கள், கேஸுக்குக் கட்டுகிறார்கள். அதைக் கார்டில் பூட்டிவிட்டால் அவர்கள் வருமானத்தில் ஒரு பகுதியை நாமே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். வவுச்சர் எழுதுகிற சிரமத்தைக் குறைக்க அது நியாயமான விலை இல்லை என்பது எங்கள் குழுவின் கருத்து.

ஆகவே நாங்கள் முன்வைப்பது இது. ஒன்று, பயணப்படி இப்போது இருப்பதுபோல் ரொக்கமாகவோ, அவரவர் வங்கிக் கணக்கிலோ தொடரட்டும். இரண்டு, மெட்ரோவிலோ கட்டணப் பேருந்திலோ வருகிற பணியாளர் விரும்பிக் கேட்டால் கார்டு வாங்கித் தருவோம். அதற்கான செலவைச் சங்கம் ஏற்கட்டும். அதில் பணம் போடுவதும் போடாததும் அவர் விருப்பம். மூன்று, நம் வளாகத்துப் பெரியவர்களுக்காகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அசோசியேஷன் அறையில் இரண்டு இளைஞர்கள் உட்காருவார்கள். கார்டைப் பயன்படுத்துவது, செயலியில் டிக்கெட் எடுப்பது இரண்டையும் சொல்லித் தருவார்கள். அவர்களிடம் உங்கள் பின் நம்பரோ ஓ.டி.பி.யோ சொல்ல வேண்டாம். அவர்களும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர் யாராயிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நம் பார்க்கிங்கில் இடச் சண்டை வராத மாதம் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் பத்துப் பேர் காரை எடுக்காமல் மெட்ரோவிலோ பேருந்திலோ போனால் வாசலில் காலை எட்டரை மணி நெரிசல் கொஞ்சமாவது தணியும். கார்டு கையில் இருந்தால் அந்த முடிவு சுலபமாகும் என்பதுதான் என் ஆசை.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஓட்டெடுப்பில் பணியாளர்களையும் மனதில் வைத்துக் கை தூக்குங்கள்.

(உரைக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் மூன்று பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. கார்டு வேண்டும் பணியாளர்கள் செக்யூரிட்டி அறைப் பதிவேட்டில் பெயர் எழுதலாம்.)