தனிக்காவலும் கூட்டுக்காவலும்



வீரமுனையைச் சூழ்ந்த வயல்வெளிகளில், வேளாண்மை விளையும் காலத்தில் இரவுக்காவல் இடுவது நெடுநாள் வழக்கம். ஒரு பரணில் இருப்பவன் கேட்ட சலசலப்பு காற்றா, பன்றியா, யானையா என்பதை அவன் தனித்துத் துணிய இயலாது. அடுத்தடுத்த பரண்களிலிருந்தும் குரல் எழுந்த பின்னரே, விலங்கு நிற்கும் திசை தெளிவாகும். தொலைவில் நிகழ்வதை நிலத்திலிருந்தே உணரும் கருவிகளின் காவலும் இத்தகையதே.

பூமி அதிரும்போது விரைந்த அலையொன்று முதலிலும், மந்தமான அலையொன்று பின்னரும் வருகின்றன. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தூரத்தை மதிப்பிடுவதுபோல, இவ்விரு அலைகளின் இடைவெளியைக் கொண்டு அதிர்ச்சியின் தூரத்தைக் கணிக்கலாம். அண்மையில் நிகழும் அதிர்ச்சியாயின், இடைவெளியின் ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் என்பது கணக்கு.

ஆயின், ஒரு நிலையம் தூரத்தை மட்டுமே திட்டமாகக் கூறும். அத்தூரத்தில் ஒரு வட்டம் வரையலாம். அதன் எப்புள்ளியில் பூமி அதிர்ந்தது என்பது விளங்காது. இரண்டாம் நிலையத்தின் வட்டம் அதனை இரு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவது நிலையமே ஐயத்தை நீக்கும். அம்மூன்றும் ஒரே நேர்வரிசையில் அமைந்துவிட்டாலோ ஐயம் எஞ்சியே நிற்கும். எனவே கருவிகளின் எண்ணிக்கையை விட, அவற்றை எங்கே ஊன்றுவது என்பதே முதன்மையான வினா. தெருவின் இரைச்சலும் கடலலையின் அதிர்வும் எட்டாத பாறைநிலம் வேண்டும். நிலையங்கள் ஒன்றுக்கொன்று விலகிப் பரந்திருத்தல் வேண்டும். பேருந்து சென்றாலும் ஒரு கருவி அசையும். பல கருவிகள் உரிய கால ஒழுங்கில் அசைந்தாற்றான் அது பூமியின் அசைவாகும்.

இலங்கையில் பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ, அம்பாறையை அடுத்த புத்தங்கல ஆகிய இடங்களில் இத்தகைய நிலையங்கள் அமைந்துள்ளன. இவற்றுள் பல்லேகலை நிலையம் 2004ஆம் ஆண்டிலேயே இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி, 1600 கிலோமீற்றருக்கு அப்பால் சுமாத்திராவின் அருகே எழுந்த அதிர்ச்சியின் முதலலை சில நிமிடங்களில் இத்தீவை அடைந்தது. கடலலையோ அம்பாறைக் கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காலம் எடுத்தது எனலாம். காரைதீவுக் கரையிலிருந்து வீரமுனைப் பக்கம் நடந்தே வந்துசேர அந்நேரம் போதும். ஆனால் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை அன்று இல்லை. கருவி அறிந்ததைக் கரை அறியவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

நிலக்கருவி அதிர்ச்சியைச் சொல்லும்; கடல் எழுந்ததா என்பதைச் சொல்லாது. அதற்கு ஆழ்கடலின் அடியில் நீரமுக்கத்தை அளக்கும் கருவிகளும், துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் கருவிகளும் துணை நிற்றல் வேண்டும். 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இக்கருவிகளின் செய்தியைத் தொகுத்து ஏனைய நாடுகளுக்கு வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி 8.6 அளவான அதிர்ச்சி நேர்ந்தபோது, கரையோர மக்கள் உள்நாட்டுக்கு அகற்றப்பட்டனர். நிலம் பக்கவாட்டில் நகர்ந்தமையாற் பேரலை எழவில்லை. கடல்மட்டக் கருவிகள் அதனை உறுதிசெய்தபின் எச்சரிக்கை நீக்கப்பட்டது. அன்று மக்கள் வீணே ஓடினர் என்று எண்ணுவது தவறு. காவல் தன் கடமையைச் செய்தது என்பதே பொருந்தும்.

சுமாத்திராவின் அதிர்ச்சியை இக்கரையில் நிற்பவரின் கால்கள் பெரும்பாலும் உணரமாட்டா. கடல் உள்வாங்கிய பின் ஓடலாம் என்று காத்திருத்தலும் தகாது. 2004இல் கீழைக்கரைக்கு முதலில் வந்தது வற்றன்று, ஏற்றமே. ஆதலால் இக்கரையின் காவல் செய்தியிலேயே தங்கியுள்ளது. அச்செய்தி கொழும்பில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு நின்றுவிடாமல், மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வாடிகளில் வலை பின்னுவோரின் செவிவரை வந்து, அவர்கள் எழுந்து நடந்தாலன்றிக் கூட்டுக்காவல் நிறைவுறாது.